‘நானும் சிரிச்சேனுங்க’ என்று சொன்னவர்

மார்த்தாள் அக்கா போய்விட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததை என் மனைவி அனுப்பியிருந்தாள். என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்கிப் பதினான்கு மாதமாகிறது. ‘நம் மூத்த சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரிக்குக் கீழே வரிசையாக இரங்கல்கள். ஜெப வீராங்கனையாம், அன்பின் ஊற்றாம், சபையின் தூணாம். எழுதியவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் படித்தேன். பாதிப் பேர் கடந்த ஒரு வருடமாக அக்கா உட்கார்ந்த பெஞ்சில் உட்காராதவர்கள். தூணுக்குப் பக்கத்தில் உட்கார அப்படியென்ன பயம் என்று கேட்கத் தோன்றியது.

அடக்க ஆராதனையில் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. தாளில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதால், அக்காவை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். என் பெயர் சாமுவேல். பரமத்தி வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியார். முன்பு ஒருமுறை பெயர் போடாமல் எழுதியவன் என்பதால், இந்த முறை பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா அரசாங்கக் கிராமச் செவிலியர். ஓய்வு பெறும்வரை காவிரிக்கரை ஊர்களில் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கரும்புக் காட்டுக்கும் நடுவே நடந்தே தேய்ந்தவர். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்க்காமல், தடுப்பூசி போடப் போன வீட்டில் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். “தண்ணி குடிக்காத ஊட்டுல உண்மை பேச மாட்டாங்கொ” என்பது அவருடைய தொழில் ரகசியம். அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே சபைக்குள்ளும் கொண்டுவந்தார். அங்கேதான் வம்பு தொடங்கியது.

நம் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டங்களில் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அதற்குப் பெயர் விண்ணப்பம். ஒருமுறை ஒரு சகோதரி குரலைத் தழைத்து, “பவர்லூம்காரர் ஊட்டுக்காக ஜெபிக்கோணுங்க, அவரு மறுபடியும் குடிக்கிறாராமா” என்று ஆரம்பித்தார்.

“அவிங்க ஊட்டுக்குப் போயித் தண்ணி குடிச்சீங்களா?” என்றார் அக்கா.

“இல்லீங்கக்கா.”

“அப்பப் போயிக் குடிச்சுப்போட்டு வாங்க. பொறவு ஜெபிக்கலாம். ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க.”

அதற்குப் பிறகு நம் கூட்டத்தில் ஜெப விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்தன. அரைமணி முன்னதாகவே வீட்டுக்குப் போக முடிந்தது. அக்காமேல் சிலருக்குக் கசப்பு விழுந்ததும் அப்போதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. சபைச் செயலாளர் பதவி எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அப்போதிருந்த ஆயர் இன்னொருவரை ஆதரித்தார், நான் தோற்றேன். ஒரு மாதம் கழித்து அவருடைய காரின் முன் சீட்டில் ஒரு பாட்டில் கிடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே உட்கார்ந்து பேராயருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். கமிட்டிக்காரர்களுக்கும் நகல் அனுப்பினேன். ‘நம் ஆயர் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் ஆசீர்வாதத்தில் சனிக்கிழமை வாடை அடிக்கிறது’ என்று அதில் ஒரு வரி. தமிழ் வாத்தியார் அல்லவா, நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஊர் முழுக்க அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அது இருமல் மருந்து என்று ஆயர் சொன்னார். குடிகாரன் வேறென்ன சொல்வான் என்று அதற்கும் சிரித்தோம். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவிலேயே அவருக்கு ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. அவருடைய மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றியதை எதிர்த்த டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மாட்டிக்கொண்டதைக் கேட்டால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நகலை எல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு, மூலத்தாளை மெஷினிலேயே விட்டுவிட்டேன். அடுத்து ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க மூடியைத் திறந்தவர் நம் சபையின் கமிட்டி உறுப்பினர். எழுத்தை மாற்றித்தான் எழுதியிருந்தேன், ஆனால் தாளின் பின்பக்கம் என் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. ஆனால் அவர் அதை உடனே காட்டவில்லை. ஆயர் மாற்றலாகிப் போகிறவரை பத்திரமாக வைத்திருந்து, பிறகுதான் எடுத்தார். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நடந்தது இது.

விஷயம் வெளியே வந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒருவர். மார்த்தாள் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏனுங்க வாத்தியாரே, தண்ணி குடுங்க” என்றார். என் மனைவி கொண்டுவந்த சொம்பை முழுக்கக் குடித்தார். நான் அழ ஆரம்பித்தேன். “அழுவறதை அங்க வந்து அழுவுங்க. சனிக்கிழம ஆயர் ஊட்டுக்குப் போறோம்” என்றார்.

நாமக்கல், ராசிபுரம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியில் அக்கா சொன்னது ஒன்றுதான்: “மன்னிக்கச் சொல்லிக் கேக்கோணும். மன்னிச்சே ஆகோணும்னு கேக்கக்கூடாது.” ஆயரின் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போனவர் கடைசிவரை வெளியே வரவில்லை. ஆயர் நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். “எனக்கு டைம் வேணும் சார்” என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது அந்த அம்மா முகம் கொடுக்கவில்லையே என்று நான் முனகினேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவிங்க புள்ளைகளைப் பாதிப் பரீட்சையில இஸ்கூல் மாத்துனது யாரு? நாமளா போயி நோவு குடுத்துப்போட்டு, காப்பி குடுக்கலைன்னு சொல்றதா?” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் நடந்தது. என் பெயரை ஆராதனையில் வாசித்துத் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும் என்று, ஜெராக்ஸ் கடையில் தாளை எடுத்தவரே தீர்மானம் கொண்டுவந்தார். நான் கடைசியில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றேன். விலக்கினால் விலக்கட்டும், அதற்குத் தகுந்தவன்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அக்கா எழுந்தார்.

“அந்த லெட்டரை எனக்கும் படிச்சுக் காட்டுனாங்க. நானும் சிரிச்சேனுங்க. வயிறு நோவச் சிரிச்சேன். அது இருமல் மருந்துன்னு எனக்குத் தெரியும். வாங்கச் சொன்னதே நாந்தான். தெரிஞ்சே சிரிச்சுப்போட்டு, ஊட்டுக்குப் போயிச் சோறு தின்னுட்டுப் படுத்தேன். பேராயருக்கு ஒரு போன் போட்டிருந்தா அந்தக் குடும்பம் ஊரை உட்டுப் போயிருக்காது. வாத்தியாரு தெரியாம எழுதுனாரு. நா தெரிஞ்சு வாய மூடிக்கிட்டேன். அவரு பேர வாசிச்சா எம் பேரையும் சேத்தி வாசிங்க.”

‘தெரியாம’ என்றதில் அக்கா எனக்குச் சலுகை கொடுத்துவிட்டார். பாட்டிலைத் திருப்பியிருந்தால் லேபிள் தெரிந்திருக்கும். பார்க்க விரும்பாததால்தான் நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு அக்காவோடு எழுந்து நிற்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவரும் எழவில்லை. “நீங்க பாவத்துக்கு வக்காலத்து வாங்கறீங்க” என்று மட்டும் ஒரு குரல் வந்தது. “வக்காலத்து இல்லீங்க சாமி, நானும் கூண்டுலதான் நிக்கறேன்” என்றார் அக்கா. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஞாயிறு என் பெயரை மட்டும் வாசித்தார்கள். வாசித்து முடிகிறவரை அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

அன்று முதல் அவரும் திருவிருந்துக்குப் போகவில்லை. எல்லாரும் பீடத்தின் முன் போய் முழங்காலிடும்போது, என் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வேண்டாமக்கா, போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “நீங்க போற அன்னைக்கு நானும் வாரேன்” என்றார். மாதர் சங்கத் தலைவி பதவியைப் பிடுங்கினார்கள். கிழவிக்குப் பிடிவாதம் என்றார்கள், கிருபையை மலிவாக்குகிறாள் என்றார்கள். நான் கேட்கிறேன்: திருவிருந்தைத் தவிர வேறெதையும் ஆசைப்படாத எழுபத்திரண்டு வயது மனுஷி, எனக்காகப் பதினான்கு மாதம் அதை விட்டுக்கொடுத்தாரே, அதுவா மலிவு? தடையை நீக்கச் சொல்லி நான் மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றே மூன்று முறையும் பதில் வந்தது. அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. சேலத்து டாக்டர்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். திருவிருந்து வாங்காமலே போய்விடுவாரோ என்ற பயத்தில் தினமும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அக்காவின் கட்டிலருகே இருந்தேன். யாரும் எதிர்பார்க்காமல் ஆத்தூரிலிருந்து பழைய ஆயர் வந்தார். கையில் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் சின்னப் பெட்டி இருந்தது. இன்னொருவர் சபையில் அவர் அதைத் திறக்கவே கூடாது. திறந்தார். அப்பத்தை நீட்டியபோது அக்கா வாயைத் திறக்கவில்லை. “வாத்தியாருக்குங்க?” என்றார். குரலே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

ஆயர் அப்பத்தைக் கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். “எனக்கு இன்னும் ஆறல சார்” என்றார். பிறகு, “ஆறலைன்னாலும் வாங்க” என்றார்.

நான் முழங்காலிட்டேன். முதலில் எனக்குக் கொடுத்தார், அப்புறம் அக்காவுக்கு. சபை விதிப்படி இது குற்றம். கமிட்டிக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற கவலை வேண்டாம் என்றுதான் நானே எழுதியிருக்கிறேன். ஆயரை இன்னொரு முறை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு யாராவது எழுதுவதானால், தயவுசெய்து கீழே பெயரைப் போட்டு எழுதுங்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டே பழக்கம். அடுத்தவர் தவறு காதில் விழுந்தால் அதைப் பரப்பாமல் வாயை மூடிக்கொள்வது ஒன்று. அவர் பெயரை வாசித்தால் எழுந்து நிற்பது இன்னொன்று. ஒரு உறுப்பினர்மீது ஒழுங்கு நடவடிக்கை என்று கோயில் அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு வாசிக்கப் போகிறார்களாம். என்மேல் தீர்மானம் கொண்டுவந்தாரே, அவர் பெயர்தான் அது. அவர் என்ன செய்தார் என்பது எனக்கு முழுக்கத் தெரியும். உங்களில் சிலர் என்னைத் தேடிவந்து சொல்லிவிட்டுப் போனீர்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் நிற்பேன்.