சூசையின் நெருப்புப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். சூசையின் மைத்துனர் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிள் மிதித்து, என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். "அத்தான் விடியக்காலமை மோசம் போயிட்டார்" என்றார். வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு அவரோடு செத்தவீட்டுக்குப் புறப்பட்டேன்.

துறைமுகத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சராக இருந்த சூசையை உங்களில் பலர் அறிவீர்கள். கசப்பு மருந்தைக் கையில் தந்துவிட்டு, முகம் சுளிக்க நேரம் கொடுக்காமல் பகிடி விடுகிற மனிதர். அவருக்குச் சீனமொழி கொஞ்சம் தெரியும் என்பது சிலருக்கே தெரியும். அதே மருந்துச்சாலையில் கிளாக்கராக இருக்கும் நானும் அவரோடு சேர்ந்துதான் படித்தேன். படித்தோம் என்பதைவிடப் போட்டி போட்டோம் என்பதே பொருந்தும்.

உலகச் சண்டைக் காலத்தில் கப்பல்களோடு சீனத்து மாலுமிகளும் வந்து சேர்ந்தார்கள். நோவு எங்கே என்று கேட்கக்கூடச் சீனம் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. சைக்கிளில் துணிமூட்டை கட்டி விற்கும் வடசீனத்து லீ மத்தியானங்களில் எங்கள் வாசலில் இளைப்பாறுவார். அவர் சீனச் சொற்களைச் சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்தில் சிறு துண்டுகளில் எழுதி, ஆளுக்கொரு நெருப்புப்பெட்டியில் போட்டுக்கொண்டோம்.

பதிவேடு எழுதிப் பழகிய கை என்னுடையது. தலை, வயிறு, கயிறு, ஏணி, வாளி என்று ஒரு மாதத்தில் பெட்டி மூட முடியாத அளவுக்குப் பெயர்ச்சொற்களைச் சேர்த்துவிட்டேன். சூசையோ வினைச்சொல்லைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். "நீர் என்ன, ஏலத்துக்குச் சாமான் பட்டியலோ எழுதுறீர்?" என்பார். "சாமானுக்குப் பேர் தெரியாட்டிக் கையாலை காட்டலாம். நடந்தது என்னெண்டு தெரியாட்டி என்னத்தைக் காட்டுறது?"

"விழுந்தது எண்டு மட்டும் சொன்னால் காணுமோ? எதிலயிருந்து விழுந்தது?" என்று நானும் விடமாட்டேன்.

ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தயா என்றே சொல்லும் லீ, தன் கொச்சைத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "இந்த மாத்தயா வீடு நிறையச் சாமான், ஆள் இல்ல. அந்த மாத்தயா ஆள் ஓடுது, வீடு இல்ல." இருவருக்கும் கோபம் வந்தது. இருவரும் திருந்தவில்லை.

பிறகு ஒருநாள், கப்பலின் அடுப்பறையில் நிலக்கரி போடும் ஒரு சீனரைக் கொண்டுவந்தார்கள். கப்பல் அன்று பின்னேரம் புறப்படவேண்டும். உடம்பில் காயமில்லை, காய்ச்சலில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று கப்பல் அதிகாரி சொன்னார். வைத்தியரும் தகுதிச் சீட்டில் கையெழுத்திடப் பேனாவை எடுத்துவிட்டார். லீ அந்தக் கிழமை துணி விற்கக் குருநாகல் பக்கம் போயிருந்தார். நான் என் பெட்டியைத் திறந்து தலையா, வயிறா, காலா என்று கேட்டேன். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றே தலையாட்டினார். என் இருநூறு சொற்களும் அன்று சதத்துக்கு உதவவில்லை.

சூசை என்னைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் குந்தினார். தூக்கினாயா? விழுங்கினாயா? அடித்தார்களா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற தலையாட்டல். "ஷ்வாய்?" என்றார் சூசை. விழுந்தாயா? அந்த மனிதரின் கண் நிறைந்துவிட்டது. சூசையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சூசைக்கு அது விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏணி" என்றேன்.

கப்பலுக்குள் இருக்கும் ஏணியின் உயரம் வைத்தியருக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டு இடப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினார். அந்த மனிதர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து காப்பாற்றினார்கள். அன்றே கடலுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று வைத்தியரே பிறகு எங்களிடம் சொன்னார்.

மறுநாளே சூசை சட்டம் போட்டார். ஒரு பெட்டியில் புதுச்சொல் விழுந்தால் மற்றப் பெட்டியிலும் ஒன்று விழவேண்டும். மத்தியானம் சோற்றுக்கு முன், இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து வசனம் அமைக்கவேண்டும். அமைக்காதவருக்கு வெற்றிலை இல்லை. எங்கள் சீனம் அப்படித்தான் நடமாடத் தொடங்கியது.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டேனே தவிர, முதலில் கேட்கவேண்டியது வினைச்சொல்தான் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளி வந்தால் வீம்புக்கு என் பெட்டியைத்தான் முதலில் திறப்பேன். சூசை சிரித்துக்கொண்டு காத்திருப்பார். நெஞ்சு வருத்தம் வந்து அவர் படுத்திருந்தபோது, போன கிழமையும் போய்ப் பார்த்தேன். "இப்பவாவது சொல்லுமன், நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார். "எழும்பி வாரும், சொல்லுறன்" என்றேன். அந்த வீம்பை நினைத்து வெட்கப்படுகிறேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி அந்தப் பெட்டியை என் கையில் வைத்தார். "இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்" என்றார். தூக்கு, விழு, மூச்சு விடு, எழும்பு. எல்லாம் அவருடைய சரிந்த கையெழுத்தில், ஒன்றும் குறையாமல் இருக்கின்றன. அவருடையதாக என்னிடம் இருப்பது இதுதான். இது போதும்.

நேற்று ஒரு சீனத்து மாலுமி நோகிற தன் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துச்சாலைக்கு வந்தார். மேசையில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. நான் முதலில் சூசையின் பெட்டியைத் திறந்தேன். "நீர் சொன்னது சரிதான், சூசை" என்று வாய்விட்டே சொன்னேன். தன்னிடம்தான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து, மாலுமி ஓம் என்று தலையாட்டினார்.