மைதானத்தின் பேருக்கு விழுந்த சீட்டு

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தவள் நான். அப்படிப்பட்டவள் எழுதி அதை இன்னொருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நினைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் எனக்கு இறங்கவில்லை. வாயால் கொட்டத் தெரியாததால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. நடுவில் இருக்கும் மணலில் ஒரே ஒரு வாலிபால் மைதானம். நாலு மணிக்குப் பையன்கள் இறங்கினால் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஏற மாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கிடைப்பது மத்தியான வெயில் மட்டும். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலில் சாக்ஸ் இரண்டு மாட்டிக்கொண்டு அந்தச் சூட்டில் ஆடிவிட்டு வருவாள். பாதம் வெந்து சிவந்திருக்கும்.

பொன்னேரியில் விளையாட்டு டீச்சராக இருக்கும் அம்மா ஒருவர் அவள் ஆடுவதைப் பார்த்தார். பொங்கல் முடிந்ததும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், உங்கள் பெண்ணுக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னார். விடுதியில் சேர்ந்தால் படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணவர் போன பிறகு இறால் தலை கிள்ளும் வேலையில் வீட்டை ஓட்டுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"ஞாயித்துக்கிழமை தோறும் நான் வந்து சொல்லித் தரேன்மா. பஸ் செலவு கூட வேணாம். ஆனா பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு இடம் வேணும். வர்ற ஞாயித்துக்குள்ள கம்பம் நட்டு வைங்க. இல்லன்னா வேற ஊர்ல கூப்பிடறாங்க, நான் அங்க போயிடுவேன்" என்றார்.

இடம் இருந்தது. கம்பமும் வலையும் பந்தும்தான் வேண்டும். இது என்ன பெரிய காரியம் என்று நினைத்து, பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் நாங்கள் நாலைந்து பேர் வீடு வீடாகக் கிளம்பினோம். முன்னால் நடக்க மற்றவர்கள் இருந்தார்கள். பேச வேண்டிய இடம் வந்ததும் என்னை முன்னால் தள்ளினார்கள், உன் பொண்ணுதானே நல்லா ஆடுது என்று.

"ஏற்கெனவே ஒரு கிரவுண்டு கீதே, இன்னொண்ணு இன்னாத்துக்கு?" என்றார் ஒருவர். "பொம்பளப் புள்ளைங்க குதிச்சா ஏரி வத்திப்பூடும்" என்று சிரித்தார் அவர் மச்சான். ஒரு வீட்டில் பணத்துக்குப் பதில் அரைக் கூடை நண்டு கொடுத்தார்கள். அதை விற்றுப் பணமாக்கப் பாதி நாள் போனது. நாரை பார்க்க வந்த பட்டணத்து ஆள் ஒருவர் பிள்ளைகளை எகிறிக் குதிக்க வைத்துப் படம் பிடித்தார், கட்டாயம் அனுப்புகிறேன் என்று என் நம்பரை எழுதிக்கொண்டு போனார். இன்றுவரை போன் அடிக்கவில்லை. தேர்தலில் நிற்கப்போகும் ஒருவர் மட்டும் கம்பம் தருவதாகச் சொல்லி, சொன்ன நாளில் வண்டி அனுப்பினார். கம்பம் வருகிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், 'மகளிர் மைதானம் அமைத்துத் தந்த' என்று அவர் படம் போட்ட பேனர் வந்திறங்கியது. அதன் மேல் இப்போது கருவாடு காய்கிறது.

வேறு வழியில்லாமல் என் கொழுந்தனாரிடம் ஊர்க்கூட்டத்தில் கேட்கச் சொன்னோம். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. கூட்டம் நடக்கும் வலைக் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்கலாம். எனக்காக அவர்தான் உள்ளே பேசுவார். அன்றைக்கு என்னவோ தலைவர் நல்ல மனதில் இருந்தார்.

"பணமா ஒத்தனும் குடுக்க மாட்டான். ஒரு நாள் பாடு குடுத்துடுவோம். அமாவாசை அன்னிக்கு சீட்டுல கிரவுண்டு பேரையும் எழுதிப் போடு. அதுக்கு இன்னா விழுதோ விழட்டும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெளியே நின்று தட்டினேன்.

பாடு என்றால், ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்ற முறை. சீட்டு எடுத்து முடிவு செய்வோம். எந்த இடத்தில் யார் பேர் விழுகிறதோ அன்றைக்கு அந்த இடம் அவருடையது. முகத்துவாரத்துக்குக் கிட்டே இருக்கும் முதல் இடத்தில்தான் இறால் கொட்டும். கடைசி இடங்களில் பாசிதான் ஏறும். கை தட்டின அத்தனை பேரும் மைதானத்துக்குக் கடைசி இடம் விழும் என்று நினைத்துத் தட்டியிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அமாவாசையன்று காலையில் தலைவர் சொம்பைக் குலுக்கி முதல் இடத்துக்கான சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார்.

"கிரவுண்டு" என்றார்.

மீதிச் சீட்டுகளையும் எடுத்து முடித்தபோது ஆரம்பித்தது. கடைசி இடம் விழுந்த ஒருவர் எழுந்தார். கட்டுமஸ்தான ஆள், ஊரிலேயே பெரிய வாய். எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

"மண்ணுக்கு மொத எடம், மனுசனுக்குப் பாசியா? மறுபடி குலுக்கு!"

"விழுந்த சீட்ட மாத்தினா ஊர்க்கட்டு இன்னாத்துக்கு?" என்றார் தலைவர்.

"சரி, மாத்த வேணாம். யார் போய் வலை கட்டுவா? யார் பேர் விழுந்துச்சோ அவன்தான் படகுல ஏறணும்னு நீதானே சொன்ன? கிரவுண்டு வந்து ஏறுமா?"

அவர் சொன்னது உண்மைதான். சிலர் தங்கள் இடத்தை வெளியாட்களுக்கு விற்க ஆரம்பித்ததால், சீட்டுக்குரிய ஆள் தானே இறங்க வேண்டும், வேறு ஆள் இறங்கினால் அபராதம் என்று ஊரே கூடிப் போட்ட கட்டுப்பாடு அது. பெயரைச் சீட்டில் எழுதியபோது அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். தலைவரே இறங்கலாம் என்றார் ஒருவர். அப்புறம் தலைவர் வருசா வருசம் இறங்குவார் என்றார் இன்னொருவர். அந்த இடத்தை அன்றைக்குச் சும்மா விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். வெயில் கொட்டகையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் வலை கட்டாவிட்டால் அவ்வளவுதான். அடுத்த அமாவாசைக்குள் டீச்சர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாம்மா ஆச்சு?" என்றாள்.

"பேசறாங்க."

"காலைலேந்தா?"

எனக்கு எரிச்சல் ஏறியது. ஏனென்றால் அவர்கள் தேடிக்கொண்டிருந்த வழி அந்தக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குச் சீட்டு விழுந்தால், அந்த வீட்டுப் பெண் கை காட்டும் ஆள் இறங்கலாம். ஆறு வருசமாக என் வீட்டுப் பாடு அப்படித்தான் நடக்கிறது. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாகக் கொழுந்தனாரின் முதுகில் தட்டி மெதுவாகச் சொன்னேன்.

"சும்மா இரு அண்ணி, பெரியவங்க பேசறாங்க" என்றார்.

இரண்டாம் முறை சொன்னேன். திரும்பவே இல்லை. மூன்றாம் முறை எப்படி என்று தெரியவில்லை, அது கத்தலாக வந்துவிட்டது.

"ஆம்பள இல்லாத வூட்டுக்கு இன்னா கட்டோ, அதான் கிரவுண்டுக்கும்!"

கொட்டகையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்ப கிரவுண்டு புருசன் இல்லாத பொம்பளயா?" என்று மாமா சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

"ஆமா மாமா. அதான் ஆளாளுக்கு வந்து பேசறீங்க" என்றாள் என் பக்கத்தில் நின்ற மீன்காரி அக்கா. சிரிப்பு அடங்கியது.

தலைவர் என்னைப் பார்த்தார். "சரிதாம்மா நீ சொல்றது. யாரைக் கை காட்டற? உன் கொழுந்தனையா?"

கொழுந்தனாரைக் காட்டினால் என் வீட்டுக்குத்தான் லாபம் என்பார்கள். வேறு யாரைக் காட்டினாலும் இந்த மாமா விட மாட்டார், இன்னொரு டீ வரும். இருந்த எரிச்சலில் அவரையே காட்டினேன்.

"அவரே எறங்கட்டும். நாள் பூரா பேசினாரில்ல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். கொட்டகை வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றார்.

"கட்டு தெரியுமில்லம்மா? எறங்கற ஆளுக்குப் பாதி."

தெரியும். ஆறு வருசமாக நானே கொடுத்துக்கொண்டு வருகிறேன். கத்தின அவசரத்தில் அது மட்டும் மறந்துபோயிருந்தது. இனாமாக இறங்க வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். ஒரு நாளுக்குரிய சத்தத்தை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். தலையை ஆட்டினேன். அவர் படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வலையைத் தூக்கினார்கள். நல்ல இறால் விழுந்திருந்தது. மாமா பாதியை எடுத்துக்கொண்டார். மீதியில் இரண்டு கம்பமும் ஒரு பந்தும் வந்தன, வலைக்குப் பற்றவில்லை. சாயங்காலம் பெண்பிள்ளைகள் குழி தோண்டிக் கம்பம் நட்டு, நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி ஆடினார்கள்.