தாராபுரத்து வீட்டைக் கீறியவன்

போன கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நாங்கள் படித்த கட்டடக்கலைத் துறையின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். படித்து வெளியே போனவர்கள் என்னென்ன சாதித்தார்கள் என்று ஊருலகத்துக்குச் சொல்லப் போகிறார்களாம். கூடவே ஒரு படிவம். பெயர், பதவி, விருதுகள், முக்கியமான கட்டடங்கள், தெளிவான புகைப்படம் ஒன்று. எல்லாம் மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனேன். ஆறாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. 'நீங்கள் முதன்முதலில் வடிவமைத்த கட்டடம் எது?'

உள்ளதைச் சொன்னால், பேசாலையில் என் சித்தப்பாவின் வீட்டு வளவுக்குள் கட்டிய கக்கூஸ். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது படம் கீறிக் கொடுத்தேன். படித்த படிப்பெல்லாம் அதற்குள் இருந்தது. காலை வெயில் உள்ளே விழவேண்டும் என்று கிழக்குச் சுவரில் பெரிய இடைவெளி ஒன்று விட்டிருந்தேன். வெயில் விழுந்ததோ இல்லையோ, கரைக்கு வலை இழுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியால் சித்தப்பாவுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவர் அதைத் தென்னங்கிடுகால் அடைத்துவிட்டார். "நீ படிச்சது காணும். இனி என்ட வளவுக்குள்ள ஒண்டும் கீறாத" என்றார்.

ஆனால் இத்தனை வருடமாக எந்தப் படிவத்திலும் நான் கக்கூஸை எழுதியதில்லை. 'தனி வீடு, தாராபுரம், மன்னார்' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

ஏற்கெனவே நிரப்பி அனுப்பியவர்களின் குறிப்புகளையும் மாதிரிக்கு இணைத்திருந்தார்கள். வாசிக்க வாசிக்க வியப்பாக இருந்தது. நேராக ஒரு மாடிப்படி கீறத் தெரியாமல் தவித்தவன் மாலைதீவில் கடலுக்கு மேல் ஹோட்டல் ஹோட்டலாகக் கட்டியிருக்கிறான். தான் மட்டையில் செய்த கட்டட மாதிரியை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று ஒரு கிழமை அழுத பெண் மெல்பேர்னில் பேராசிரியர். ஒருவன் கட்டடத்தையே விட்டுவிட்டுக் குளியலறை ஓடு விற்கிறான். எங்கள் எல்லாரையும்விட அவன்தான் வசதியாக இருக்கிறான் என்று கேள்வி. எங்கள் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகக் கீறியவன் ரசீன். அவன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. முகவரி தெரியாதவர்கள் என்று கடைசியில் போட்டிருந்த பட்டியலில்கூட இல்லை.

அன்று பின்னேரம் வீடு துடைக்க வந்த பெண் ஏதோ புதிய திரவத்தை வாளியில் ஊற்றினாள். குப்பென்று அமோனியா மணம். நான் கதிரையை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த மணம் தெரியாது. அப்போது மெல்லிய ட்ரேசிங் தாளில் மையால் கீறுவோம். அதை அமோனியா யந்திரத்துக்குள் விட்டால் நீலக் கோடுகளோடு பிரதி வெளியே வரும். கண் எரியும், மூக்கு அடைக்கும். ரசீன் மட்டும் சூடான பிரதியை முகத்துக்கு நேரே பிடித்து இழுத்து மணப்பான். "எங்கட வாப்பாட கருவாட்டு மண்டிய விட இது எவ்வளவோ மேல் மச்சான்" என்பான்.

மன்னார்த் தீவிலிருந்து அந்த வகுப்புக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பேசாலைக் கத்தோலிக்கன். அவன் தாராபுரத்து முஸ்லிம். அவனுடைய வாப்பா பேசாலையிலும் தலைமன்னாரிலும் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். விடுமுறை முடிந்து ரயிலில் ஒன்றாகப் போவோம். அவனுடைய பையில் கட்டாயம் கருவாட்டுப் பொதி ஒன்று இருக்கும். பெட்டியில் எங்களுக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை.

படிப்பு முடித்த வருடம் அவனுடைய தங்கச்சி நூரியாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அவர்களிடத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். வழக்கமாக மேசன் வந்து கயிறு பிடித்து, எல்லா வீட்டையும் போல ஒரு வீடு கட்டிக் கொடுப்பார். ரசீன் மேசனை நிறுத்திவிட்டுத் தான் கீறப்போவதாகச் சொன்னான். நான் சைக்கிளில் போய்ப் பார்த்தபோது அவன் ஒன்றும் கீறவில்லை. உச்சி வெயிலில் வேலியோரம் குந்தியிருந்து வளவுக்குள் நின்ற கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னாரில் கழுதைக்குப் பஞ்சமா? ஆறு ஏழு நின்றன.

"என்னடா செய்றாய்?" என்றேன்.

"எந்த இடத்தில படுக்குதுகள் எண்டு பாக்கிறன். சோளகக் காத்து வீசேக்க ஒரு இடம், வாடைக் காத்து வீசேக்க ஒரு இடம். மண் வந்து கண்ணில அடிக்காத, ஆனா காத்துப் படுற இடமாப் பாத்துத்தான் படுக்கும். நாங்கள் அஞ்சு வருஷம் படிச்சதை இதுகள் படிக்காமலே செய்யுதுகள்."

இரண்டு பருவம் பார்த்துத்தான் கீறினான். கழுதைகள் படுத்த இடத்தில் முன் விறாந்தை வந்தது. காற்று அந்த விறாந்தையால் நுழைந்து வீடு முழுவதும் திரிந்து குசினியால் போகும். நான் செய்தது அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்ததும், அவனுடைய உம்மா தந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டதும்தான். வீடு எழும்பியது. அவன் எல்லாவற்றையும் யோசித்தான், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கழுதைகள் பழகிய இடத்தை விடாது. குடிபுகுந்த மறுநாள் மத்தியானம் விறாந்தையில் நான்கு கழுதைகள் காலை நீட்டிப் படுத்திருந்தன. "மகளுக்கு வீடு கட்டச் சொன்னா நீ கழுதைக்கு மடமா மகன் கட்டியிருக்கிறாய்?" என்று உம்மா தும்புத்தடியோடு ஓடி வந்தார். ரசீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நூரியா அந்த வீட்டில் ஒன்றேகால் வருடம் இருந்தாள். பிறகு தொண்ணூறாம் வருடத்து ஐப்பசி வந்தது. முஸ்லிம் சனம் எல்லாம் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்று துவக்கு வைத்திருந்தவர்கள் கட்டளை போட்டார்கள். தமிழர்களாகிய எங்களுடைய பெயரால்தான் அந்தக் கட்டளையைப் போட்டார்கள். நாங்கள் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்லலாம். பயந்தான், ஆனாலும் அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான் தாராபுரத்துக்குப் போனபோது அவர்கள் கல்பிட்டிக்குப் படகேறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ரசீன் என்னை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய், இரண்டு பக்கமும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைக் கையில் தந்தான். வீட்டின் மூல வரைபடங்களும் புகைப்படங்களும் அதற்குள் இருந்தன.

"வழியில பறிச்சுப் போடுவாங்கள் மச்சான். நீ வைச்சிரு. நேர்முகத்துக்கு எனக்கு இது வேணும்."

பட்டம் எடுத்தால் மட்டும் எங்கள் தொழிலில் போதாது. கொஞ்சக் காலம் வேலை செய்த பிறகு ஒரு நேர்முகம் இருக்கும். தானே கீறிக் கட்டி முடித்த ஒரு கட்டடத்தை, மூல வரைபடங்களோடு, மூத்தவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அதில் தேறினால்தான் கட்டடக் கலைஞர் என்று கையெழுத்து வைக்கலாம். தேறாவிட்டால் வாழ்நாள் முழுக்க இன்னொருவர் கையெழுத்துக்காகக் கீறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் கொழும்புக்கு வந்து ஒரு கட்டடக் கலைஞரின் கந்தோரில் சேர்ந்தேன். என் நேர்முகத்துக்கு நாள் வந்தது. என்னிடம் காட்டுவதற்கு ஒரு கக்கூஸ் இருந்தது. ஊரில் சண்டை, போய்க் கட்டவும் முடியாது. ரசீனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கட்டிலுக்குக் கீழே குழாய் இருந்தது.

ட்ரேசிங் தாளில் மை அழிப்பதற்கு ஒரு வழி உண்டு. பாதி பிளேட்டை வளைத்துப் பிடித்து, தாள் கிழியாமல், மையை மட்டும் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கினால் அதன் மேலேயே எழுதலாம். தாளின் வலது மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் இருந்த அவன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு என் பெயரை எழுதினேன். ஐந்து தாள்களிலும் செய்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தாள் கிழிந்திருக்கும், நானும் தப்பியிருப்பேன்.

நேர்முகத்தில் பெரியவர் ஒருவர், "காற்றின் போக்கை எப்படிக் கணித்தீர்கள்?" என்று கேட்டார். நான் கழுதைக் கதையைச் சொன்னேன். வேலியோரம் குந்தியிருந்தது நான் என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே நான் தேறிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துப் புத்தளத்து அகதி முகாமிலிருந்து அவனுடைய கடிதம் வந்தது. எப்படியோ என் முகவரியைத் தேடிப் பிடித்திருந்தான். நேர்முகத்துக்கு எழுதிப் போடப் போகிறானாம், குழாயை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான். ஒரே வீட்டை இரண்டு பேர் கொண்டுபோக முடியுமா? சண்டையில் நான் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது குழாய் தொலைந்துவிட்டது என்று பதில் எழுதினேன். அவன் ஒரு தபாலட்டையில் இரண்டு வரி போட்டிருந்தான். 'பரவாயில்லை மச்சான். நீ உயிரோடு தப்பினதே எனக்குப் போதும்.'

அவனுக்குக் காட்ட வேறு கட்டடம் இல்லை. இருந்த ஒன்றும் அவன் போகமுடியாத ஊரில் கிடந்தது. முகாமில் கிணற்றுக்கும் கழிவுநீர்க் காணுக்கும் வாசிகசாலைக்கும் கீறினான். பிறகு புத்தளத்தில் ஒரு படம் கீறும் கடை. அந்தப் பக்கத்தில் அவன் கீறிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய கையெழுத்து. நான் இந்தப் பக்கம் விருது வாங்கிக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, வீடு மாறும்போது, "இந்தக் குழாயை எறியிறதோ வைச்சிருக்கிறதோ?" என்று மனைவி கேட்டாள். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினேன்.

ரசீனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு காலை இழுத்து நடந்தான். நூரியாவும் அவளுடைய மகளும் அங்கே இருந்தார்கள். தொலைந்துபோன குழாய் எப்படி வந்தது என்று கேட்காமல் அவன் மேசையில் தாள்களை விரித்தான். நூரியாவுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. அவன் விரலால் தொட்டுக் காட்டக் காட்ட, "இது என்ட அறை, இது குசினி" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "இந்த யன்னலுக்குத் திரை பாதி தைச்சபடி மெசின்ல கிடந்திச்சு காக்கா" என்று தமையனிடம் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் பிள்ளை மூலையில் இருந்த எழுத்தை வாசித்தது. "மாமா, இதில உங்கட பேர் இல்லையே? இந்த அங்கிள்ட பேர்தானே இருக்கு?"

ரசீனின் விரல் அந்த மூலைக்கு வந்தது. சுரண்டிய இடத்தை அவன் விரல் அறியாமல் இருக்குமா? இரண்டு தரம் தடவினான். பிறகு, "நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கீறினது மகள். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள ஒரு பேருக்குத்தான் இடம் இருந்திச்சு" என்றான்.

வாசலில் வைத்து நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எனக்கு எப்பவோ தெரியும். உன்ட வீடு எண்டு படம் போட்டிருந்த புத்தகம் இஞ்சையும் வந்தது. நீ நூரியாவுக்கு இதைச் சொல்லாத. அந்த நேரத்தில எங்கட சாமானைப் பொத்தி வைச்ச ஒரு மனிசன் மன்னாரில இருந்தான் எண்டு அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தவள். அதையும் பறிச்சுப் போடாத."

என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அவன் காலை இழுத்தபடி பஸ் தரிப்பிடம்வரை வந்தான். பஸ் வரும்வரை என்னோடு நின்று, இருக்கை கிடைத்ததா என்று யன்னலால் பார்த்துவிட்டுத்தான் போனான். நான் கொழும்பு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

போன வருடம் ரசீன் மவுத்தாகிவிட்டான். நூரியா குடும்பம் தாராபுரத்துக்குத் திரும்பிவிட்டது. அங்கே அந்த வீடு இல்லை. கூரையும் கதவும் முதலில் போயிருக்கின்றன, பிறகு கல்லும் போயிருக்கிறது. வளவில் ஒரு பக்கமும் தெரு அகலிப்பில் போய்விட்டது. அதே வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பழைய தாள்களை எனக்கே அனுப்பியிருக்கிறாள். "வளவு சின்னனாப் போச்சு அண்ணன். கொஞ்சம் தள்ளித் திருப்பிக் கீறித் தந்தாக் காணும். நீங்களும் சேர்ந்து கீறின வீடுதானே" என்கிறாள்.

தாள்கள் என் மேசையில் கிடக்கின்றன. குசினியின் மேற்குச் சுவரை அவன் நேராக வைக்கவில்லை, ஒரு சாண் சரித்து வைத்திருக்கிறான். ஏன் சரித்தான் என்று எனக்குத் தெரியாது. காற்றுக்கா, புகைக்கா, அடுத்த வளவுக் கிணற்றடி பெண்களின் மறைவுக்கா? அது தெரியாமல் வீட்டை ஓர் அங்குலம் திருப்ப முடியாது. நூரியா மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டுவிட்டாள். கீறிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே ஆளைப் புத்தளத்து மையவாடியில் அடக்கியிருக்கிறார்கள்.