பதினேழாம் நம்பர் பையில் ஈர அரிசி

அடுத்தவர் வாசலில் நின்று கேட்கிற வேலையில் காலுக்கு முன்னால் நாக்குதான் வலிக்கும். வசூலுக்குப் போய்ப் பழக்கப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூர்ப் பக்கம் எங்கள் மெதடிஸ்ட் சபைக்குப் பிடியரிசி வாங்குகிறவள் நான். சபையார் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை அதைத் துணிப்பையில் போட்டு கேட்டில் மாட்டிவிடுவார்கள். நான் நிறைந்த பையை எடுத்துக்கொண்டு வெறும் பையை மாட்டிவிட்டு வருவேன். நாற்பத்திரண்டு வீடு. பைக்குப் பை சிவப்பு நூலால் நம்பர் தைத்திருக்கிறேன்.

அறையில் ஆறு பேர்

அன்று ஆராதனை முடிந்து கமிட்டி அறையில் இருந்தவர்கள்: போதகர், செயலாளர் சாம்ராஜ், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற எஸ்தர் டீச்சர், டேனியல், அவன் அம்மா கமலா, கதவோரமாக நான். மொத்தம் ஆறு பேர்.

டேனியல் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். போதகராக வேண்டும் என்பது அவன் ஆசை. பெங்களூரில் ஒரு இறையியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நாலு வருடப் படிப்பு. முதல் வருடத்துக்கு விடுதியோடு எழுபதாயிரம். அவன் வீட்டில் முப்பதாயிரம் இருந்தது. மீதி நாற்பதாயிரத்தைக் கல்லூரி திறப்பதற்குள் சபை கட்டினால் இடம் அவனுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு.

கோயில் கூரை ஒழுகுகிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றார் சாம்ராஜ். போதகர் மேஜையைப் பார்த்தார். கமலா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கூரை ஒழுகினா குடை பிடிச்சுக்கலாம் சாம்ராஜ். இந்த வருஷப் பிடியரிசிக் காசை இவனுக்கு வை. இவன் போதகராகி அங்கி போடற வரைக்கும் என் வீட்டுப் பை நிக்காது."

ஒரு பிடியின் விலை

சபைக்குப் புதிதாக வந்தவர்கள் வானகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். ஐ.டி. வேலை. நல்ல பிள்ளைகள். பத்தாவது மாடிக்குப் போய், எனக்குக் கூச்சம் வேறு, என்ன கேட்க வந்தேன் என்பதையே இரண்டு முறை சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய்த் தேடினாள். வீட்டில் அரிசி இல்லை. வாங்குகிற வழக்கமே இல்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "ஒரு பிடி எவ்ளோ ஆன்ட்டி?"

காலியாக இருந்த இடம்

பெங்களூருக்குப் பணம் சேராது என்று பயந்து, குறைந்த செலவில் ஒரு வேதாகமக் கல்லூரி இருக்கிறதாம் என்று கமலா கேள்விப்பட்டு வந்தாள். ஒரே வருடம், சாப்பாடு இலவசம். டேனியலுக்கு அரை மனசு. கமலாவுக்கு அன்று லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையத்தைத் தாண்டி, ஒரு கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஹால். நாற்காலி முப்பது. மாணவர் ஒருவரும் இல்லை. கொடிக்கயிற்றில் பட்டமளிப்பு அங்கிகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. மின்விசிறி ஓடவில்லை, ஆனால் கடைசி அங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

சுவரில் நாலு வருடத்துப் பட்டமளிப்புப் படங்கள். எனக்குத்தான் எண்ணுகிற பழக்கம் விடாதே. ஒவ்வொரு படத்திலும் பன்னிரண்டு பேர். உற்றுப் பார்த்தேன். நாலிலும் அதே பன்னிரண்டு பேர், அதே வரிசையில், அதே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே வருடம் மட்டும் வேறு. கடைசிப் படத்தில் மூன்றாமவருக்கும் நாலாமவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. நான் டேனியலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதல்வர் என்று சொல்லிக்கொண்டவர் எங்களுக்குப் பின்னால் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க இடத்தைக் காலியாதான் வெச்சிருக்கோம் தம்பி."

கேட்டில் தொங்கியது

எஸ்தர் டீச்சரிடம் ஒரு குறை உண்டு. பிடியரிசியை அரிசி களைவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அவர் எப்போதும் மறந்துவிடுவார். களைந்து முடித்த பிறகு ஞாபகம் வந்து, ஈர அரிசியில் ஒரு பிடி எடுத்துப் பையில் போடுவார். நாற்பத்திரண்டு பையில் பதினேழாம் நம்பர் மட்டும் ஈரமாக வரும். செய்தித்தாள் விரித்து உலர்த்தித்தான் மற்றதோடு சேர்ப்பேன். வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை.

தவக்காலத்தில் டீச்சர் காலமானார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து அடக்கம் செய்துவிட்டு, மேனாம்பேட்டு வீட்டைப் பூட்டி சாவியைச் சாம்ராஜிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை நான் தெருவோடு வந்தவள், கைப்பழக்கத்தில் டீச்சர் வீட்டு கேட்டிலும் வெறும் பையை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணும்போதுதான் தெரிந்தது. சரி, அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பை நிறைந்திருந்தது. தொட்டேன். ஈரம். நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. கேட்டில் பூட்டு அப்படியே இருந்தது. நிறைந்த பையை எடுத்தால் வெறும் பையை மாட்ட வேண்டும் என்பது முறை. மாட்டினேன். எதிர்வீட்டு முனுசாமி, அந்த ஊர்ப் பழைய குடும்பத்துக்காரர், வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "இன்னாம்மா முழிச்சுகினு கீற? பத்தரைக்கு டீச்சரம்மா ஊட்ல குக்கரு ரெண்டு விசிலு உட்டுச்சே. யாரோ புச்சா குடி வந்துகீறாங்கன்னு நான் நெனச்சுகினு கீறேன்."

சாவி

மூன்று வாரம் இப்படியே ஆனது. கமலா செய்கிறாளோ என்று ஒரு சந்தேகம். கேட்டேன், அவள் நெஞ்சில் கை வைத்து இல்லை என்றாள். நாலாவது வாரம் சாம்ராஜைச் சாவியோடு கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். "பெருச்சாளி எதையாவது உருட்டியிருக்கும்க்கா, அதான் சத்தம்" என்று சொல்லிக்கொண்டே திறந்தார். பெருச்சாளி பையில் அரிசி போடுமா என்று நான் கேட்கவில்லை.

தரையில் தூசி விரல் தடிமனுக்கு இருந்தது. எங்கள் காலடி தவிர வேறு தடம் இல்லை. சமையலறையில் காஸ் சிலிண்டர் இல்லை, ரெகுலேட்டர் மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. அரிசி டப்பாவைத் திறந்தோம், வெறும் டப்பா. குழாய் காய்ந்து கிடந்தது. மேடைமேல் அரிசி களைகிற பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. சாம்ராஜ் அதைத் தூக்கினார். அடியில் வட்டமாகத் தண்ணீர். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார்: "அக்கா, நாம உள்ள போகவே இல்ல. சரியா?"

ஒரு தரம், ரெண்டு தரம்

சாம்ராஜ் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். அது போதும்.

கல்லூரி திறப்பதற்கு முந்தின ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சபையார் கொண்டுவந்து படைத்த காய்கறி, கோழி, கேக் எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சபைக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. மனசு பெரிதாக உள்ளவர்கள் அப்படிச் செய்வார்கள். இந்த வருடம் ஏலக் காசையும் டேனியலுக்கே வைத்திருந்தோம். பிடியரிசி விற்ற காசு ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ஏற்கெனவே கையில் இருந்தது. வாழைத்தார் முதல் கடைசிப் பூசணிக்காய் வரை ஏலம் போனது பதினாலாயிரத்து இருநூற்றுப் பத்து. நாற்பதாயிரத்துக்கு இன்னும் பதினாறாயிரத்து நூற்றைம்பது குறைந்தது. மேஜை காலி. டேனியல் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் கூட்டத்தில் வாய் திறந்தவள் இல்லை. எழுந்து போய், முந்தின நாள் எடுத்த பதினேழாம் நம்பர் பையை மேஜையில் வைத்தேன். மேஜை விரிப்பில் ஈரம் பரவியது. முன் வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

போதகர்தான் முதலில் கேட்டார், இரண்டாயிரம். பையை வாங்கினார், உடனே "சபைக்கே" என்று திருப்பி வைத்தார். ஏலம் கூவிக்கொண்டிருந்த சாம்ராஜ் மூவாயிரம் என்று தன் ஏலத்தைத் தானே கூவி, கை நீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்து, திருப்பி வைத்தார். அடுத்தவர் மூவாயிரத்து ஐந்நூறு. அதற்கடுத்தவர் நாலாயிரம். வானகரத்துப் பெண் நாலாயிரம். எல்லாரும் கேட்டார்கள், ஒருவரும் கொண்டுபோகவில்லை. பெரிய மனசு அன்று சபை முழுக்கப் பொங்கி வழிந்தது. ஒவ்வொரு முறையும் பையை எடுத்துக் கொடுத்தவள் நான். முதல் முறை ஒரு கையால் தூக்கினேன். ஐந்தாவது முறை இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஈரம் இழுத்தால் கனக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பணம் எட்டிவிட்டது. பை மட்டும் மேஜையில் இருந்தது. யார் கொண்டுபோவது? போதகர் மெல்ல, "எங்க வீட்டுல இப்பல்லாம் சப்பாத்திதான்" என்றார். கமலா விறுவிறுவென்று வந்து பையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், அரிசி வெந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பானையைத் திறந்து காட்டினாள். மல்லிகைப்பூ மாதிரி வெந்திருந்தது. "களையற வேலயே இல்லக்கா. களைஞ்சுதான் அனுப்பிகீறாங்க."

டேனியல் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டான். இன்னும் மூன்று வருடத்துக்குக் கட்ட வேண்டும் என்பதால், அந்தப் பையைத் தொடப் பயந்த சபையார்தான் இப்போது சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போன் போட்டு "இன்னிக்குத் தொங்குதாக்கா?" என்று கவலையோடு விசாரிக்கிறார்கள். இந்த வருடத்துக்குக் கட்டியது போக கையில் மிச்சம் ரூபாய் முந்நூற்று ஐம்பது.