மழையில் மிஸ்ஸிங் அடித்த வண்டி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். திருமங்கலம் சந்தையில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் என் கடை அண்டா ஏறாமல் எந்தக் கல்யாண வீட்டிலும் அடுப்பு எரியாது. வாடகைப் பாத்திரம், பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் என்னுடையவை. கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் என்று ஒருத்தன் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது. அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில், ஒரு கார் கிளம்பவில்லை என்று பசுமலைப் பக்கம் நடுரோட்டில் நின்று அழுதேன்.

என் வீட்டுக்காரிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கோரிப்பாளையம் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் அவளை டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டும். விடிந்ததும் முதல் ஆள் அவள்தான். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த மெஷினில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் தாமதமானால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவன். உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். படுக்க முடியாது. கரையில் போட்ட மீன் மாதிரி வாயால் மூச்சை இழுப்பாள்.

வாடகைக் காரில் போனால் என்ன என்று கேட்பீர்கள். போனோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டால் அந்த வாடையிலேயே அவளுக்குக் குமட்டிவிடும். ஒரு முறை சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றுகொண்டான். அவள் தன் சேலையாலேயே சீட்டைத் துடைத்தாள். வீடு வந்ததும் சொன்னாள்: "இனிமே நம்ம வண்டியில கூட்டிட்டுப் போனாப் போங்க. இல்லைன்னா என்னைய இப்படியே விட்ருங்க."

நம்ம வண்டி என்றால் என் பழைய வெள்ளைக் கார். முதல் ஜெனரேட்டர் வாங்கிய கையோடு வாங்கியது. பின் சீட்டு கட்டில் மாதிரி அகலம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலையணையில் சாய்ந்துகொண்டு, காற்றை வாங்கிக்கொண்டே வருவாள். மகன் சென்னையிலிருந்து போனில், "அப்பா, அதை எடைக்குப் போடுங்க, புதுசு எடுத்துத் தாரேன்" என்பான். "உன்னைய ஆஸ்பத்திரியில இருந்து துணியில சுத்திக் கொண்டாந்த வண்டிடா அது. என்னைக்காவது நடுவழியில விட்டிருக்கா?" என்பேன். விட்டதில்லை. ஆயுத பூஜை முடிந்து மழை பிடிக்கும்வரை விட்டதில்லை.

மழை பிடித்ததும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் இருமும். கிளம்பினாலும் நாலு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ சேராமல் வண்டி நொண்டும். திருநகர் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பின்னாலிருந்து அவளுக்கும் மூச்சு வாங்கும். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரர் அதன் எஞ்சினைப் பலமுறை இறக்கி ஏற்றியவர். முதலில் பிளக்குகளை மாற்றச் சொன்னார். மாற்றினோம். இரண்டு நாள் ஓடியது, மழை பெய்த காலையில் மறுபடி நொண்டியது. பாயிண்ட், கண்டென்சர் மாற்றினோம். காயில் மாற்றினோம். பிளக் வயர்களும் போயின.

"அண்ணே, இந்த வண்டிக்குச் சாமான் தேடுறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுரும்ணே."

"இருக்கிறதே நாலு முடி. தேடு மாப்ள."

"பட்டறைக்கு வந்தா நல்லாத்தான ஓடுது? இந்தா, கேளுங்க. தையல் மெஷினு மாதிரி இருக்கு."

நன்றாகத்தான் இருக்கும். அவர் பட்டறை திறப்பது வெயில் ஏறிய பிறகு. என் வண்டி நோயாளிபோல விடிகாலையில் படுத்துக்கொள்ளும், டாக்டரிடம் போனால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றிவிடலாம் என்றார். நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடி அது. கவிழ்த்துவைத்த மாட்டு மடிபோல மேலே காம்புகள் நிற்கும். ஒவ்வொரு காம்பிலும் ஒரு வயர். மதுரை முழுக்க அலைந்து, ஒரு பழைய கடையின் பரணில் அதைப் பிடித்தேன். நான் தேடினால் கிடைக்காதது எது?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குப் புது அண்டா வந்தாலும், ஒரு கரண்டி வந்தாலும், முதலில் சாமி மாடத்துக்கு வரும். அவள் கையால் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்ட பிறகுதான் வாடகைக்குப் போகும். அவள் பொட்டு வைத்த பாத்திரம் ஒன்றுகூட தொலைந்ததில்லை என்று பந்தயம் கட்டியே சொல்வேன். காருக்கும் அப்படித்தான். பிளக், காயில், எல்லாம் மாடத்துக்குப் போய்த்தான் பட்டறைக்குப் போயின. இந்த மூடியையும் அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தாள். காம்புகளுக்கு நடுவில், பழைய மூடியில் ஆயுத பூஜைக்கு வைத்த அதே இடத்தில், அப்பினாள்.

"இனி இது உங்களை விடாது, பாருங்க" என்றாள்.

பட்டறைக்காரர் பொட்டோடு வாங்கி, பொட்டோடு மாட்டினார். நம் ஊரில் வண்டியில் பொட்டு இல்லாவிட்டால்தான் கண் அங்கே போகும். இருந்தால் யார் பார்க்கிறார்கள்?

அடுத்த முறை ஆஸ்பத்திரி போக வேண்டிய நாளுக்கு முன் இரவெல்லாம் மழை. காலையில் வானம் வெளுக்கவே இல்லை. அவளுக்கு முந்தின நாளே கால் வீங்கியிருந்தது. வண்டி கிளம்பிவிட்டது. "பாத்தியா, ஐயா கொண்டாந்த மூடி" என்றேன். பசுமலை வருவதற்குள் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

சாவியைத் திருகினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. கதவைத் திறந்து இறங்கி, ரோட்டில் போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினேன். எல்லாம் சேற்றை அடித்துவிட்டுப் போயின. திரும்பிப் பார்த்தால் அவள் பின் சீட்டில் எழுந்து உட்கார்ந்து, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கிறாள்.

"படுக்க முடியலீங்க. செத்த நேரம் நிக்கிறேன்."

இறக்கிவிட்டேன். மழை தூறல்தான். ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். எல்லாமே புதுசு. மாற்றுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அழுதேன். அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, மீனாட்சி தாயே என்று அழுதேன். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"இன்னொரு தடவ சாவியப் போடுங்க" என்றாள். பானெட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போய் உட்கார்ந்து திருகினேன்.

"நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்க!"

ஓடி வந்தேன்.

"நான் வச்ச பொட்டுல மின்னுச்சு" என்றாள். "நீலமா. புழு ஓடுற மாதிரி இந்தக் காம்புல இருந்து அந்தக் காம்புக்கு ஓடுச்சுங்க."

குனிந்தேன். சந்தனம் ஈரத்தில் ஊறிக் குழம்பாகிக் கிடந்தது. அதன் குறுக்கே முடிபோலக் கறுப்பாக ஒரு கோடு எரிந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் படிப்புக்கும் அது புரிந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு ஈரச் சந்தனத்தில் ஏறி வேறு வழி போகிறது. வெயிலில் காய்ந்து கிடக்கும்போது தெரியவில்லை. பழைய மூடியிலும் இதுதான் நடந்திருக்கும். சாமானை எல்லாம் மாற்றிவிட்டு, புது மூடியிலும் அதை நாங்களே வைத்திருக்கிறோம்.

துண்டை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க தொடாதீங்க. நான் வச்சது. நானே அழிச்சுக்கிறேன்."

அவள் கையால் குங்குமம் அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன். முந்தானையால் ஒவ்வொரு காம்பாகத் துடைத்தாள். நடுநடுவே மூச்சுக்காக நின்றாள். சேலையில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தன. பின் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். பிடித்துக்கொண்டது.

வைகைப் பாலத்தில் நான் அடித்த ஹாரனுக்கு ஊரே திட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் போய் நின்றால், நர்ஸம்மா கடிகாரத்தைக் காட்டினார்.

"ஐயா, ரொம்ப நேரமாயிருச்சு. வேற ஆளை ஏத்திட்டோம்."

"தாயி, நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழகாதவன். இப்பக் கேக்குறேன். அவளைப் பாருங்க."

"உள்ள படுத்திருக்கிறவரும் ஒரு வீட்டுக்கு வேணுங்கிறவருதானய்யா" என்றார் அந்தப் பெண். ஆனாலும் ஓடிப்போய் ஆக்ஸிஜன் கொண்டுவந்து வைத்தார். டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட வைத்தார். அடுத்த மெஷின் ஒழியும்வரை சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். அவள் மூக்கில் குழாய். என் கையை விடவில்லை. ஒவ்வொரு மூச்சும் வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கடை, பந்தல், ஜெனரேட்டர், அம்புட்டும் அந்த நேரத்தில் ஒரு காசுக்கு ஆகவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் குழாயை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்டாவுக்கு வைக்கலாம், இதுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எல்லாம் தெரிஞ்ச மனுசன்."

என் ஆயுசில் என்னைக் கேலி செய்துவிட்டுத் தப்பித்தவள் அவள் ஒருத்திதான். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு மெஷின் ஒழிந்தது. ஏற்றினார்கள். அன்றைக்குத் தப்பினாள்.

துடைத்தாலும் மூடியில் பதிந்த அந்தக் கறுப்புக் கோடு போகாது, மறுபடி மாற்றத்தான் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். அதே பரணில் இன்னொன்று இருந்தது. பழக்கதோஷத்தில் அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவள்முன் வைத்துவிட்டேன். சந்தனக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூடியை மடியில் எடுத்து வைத்து, காம்புகளைக் காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தாள்.

"அப்படியே கொண்டுபோய் மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

இப்போதும் மழை இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளம்புகிறோம். சாவியைப் போடும்முன் மேல் கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். திருகுவேன். எஞ்சின் பிடித்துக்கொள்ளும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள், இருக்கிற கொஞ்ச மூச்சையும்.