ஏரிக்கரை இறக்கத்தில் நிற்காத பெடல்

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது. ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வெல்டர். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. தினமும் காலையில் அவளை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஏரிக்கரை மேலேயே போய் மெயின் ரோட்டில் இறங்கி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அங்கேயே கம்பெனி பஸ் ஏறுவேன்.

அந்த சைக்கிளில் ப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரம், போய்விட்டது. மிதித்தால் செயின் சுற்றும், சக்கரம் நகராது. கடையில் கொடுத்து மாற்றுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மனுஷன் கேட்டால்தானே! அவர் கையில் வெல்டிங் ராடைக் கொடுத்தால் வானத்தையும் பூமியையும் சேர்த்து ஒட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றி, தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய், ப்ரீவீலைச் சுற்றிலும் வெல்டு வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஏட்டி, இனி இது ஜென்மத்துக்கும் வழுக்காது" என்று பெருமை வேறு. சக்கரத்தை எடுப்பதற்காகக் கழற்றின பின்பக்க பிரேக்கைத் திரும்ப மாட்டவில்லை. "நாளைக்கு சாயங்காலம் பிரேக்குக் கட்டை வாங்கியாந்து மாட்டுதேன். முன் பிரேக்கு இருக்குல்லா" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

ப்ரீவீலை ஒட்டிவிட்டால் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் காலை நிறுத்தினாலும் அது நிற்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலை தெருவில் ஏறி மிதித்ததுமே ஒரு மாதிரி இருந்தது. வேகத்தடை வந்ததும் வழக்கம்போல மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்கி விட்டது பாருங்கள், சீட்டிலிருந்து ஒரு எம்பு எம்பினேன். பின்னால் மகளுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான் வந்தது. மெதுவாகப் போகும்போது கூடவே காலைச் சுற்றினால் சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, சமாளித்துவிடலாம் என்று ஏரிக்கரையில் ஏறிவிட்டேன்.

கரை முடிகிற இடத்தில் மெயின் ரோட்டுக்கு ஒரு நீள இறக்கம். அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆடிக் காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. இறக்கத்தில் பாதி போவதற்குள் பெடல் என் காலைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. முன் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பட்டென்று கம்பி அறுந்து, பிரேக் கை தொளதொளவென்று ஆடியது.

ஐயோ என்று காலை விறைத்து பெடலை அமுக்கப் பார்த்தேன். காலைப் பிடித்து வைக்க அதில் வாரா இருக்கிறது? போட்டிருந்ததோ தேய்ந்த ரப்பர் செருப்பு. இரண்டு காலையும் உதறித் தள்ளிவிட்டது. ஒரு செருப்பு எங்கேயோ பறந்தது. திரும்பி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு அடி அடித்தது பாருங்கள், கண்ணில் பூச்சி பறந்தது. வெறுங்காலைத் தரையில் ஊன்றினேன். கட்டை விரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். வண்டி நிற்கவில்லை.

பொய் சொல்லவில்லை, நான் செத்தாலும் பரவாயில்லை, பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சைக்கிளைச் சாய்த்து விழுந்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் கரைக்குப் போட்ட கருங்கல், இன்னொரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் தலைதான் முதலில் அடிபடும். கீழே ரோட்டில் ஒரு நீளக் கண்டெய்னர் லாரி வருவது தெரிந்தது. "யம்மாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ! காலை அகட்டி வையி!" என்று கத்தினேன். இடுப்பில் அந்தச் சின்னக் கைகள் இறுகின.

அந்த நேரத்தில்தான், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, தையல் மெஷின் ஞாபகம் வந்தது. கம்பெனியில் மோட்டார் மெஷின்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் நான் கற்றுக்கொண்டது கால் மெஷினில். ஓடுகிற மிதியை அப்படியே அமுக்கி நிறுத்தப் பார்த்தால் காலைத் துள்ளவிடும், சக்கரம் பின்னால் ஓடி நூலை அறுத்துவிடும். மிதியோடு கூடவே காலை விட்டு, அது எழும்பி வருகிற பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்தால்தான் அடங்கும். மாதக்கணக்காக நூலை அறுத்து அறுத்துப் படித்தது அது.

இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். சுற்றுகிற பெடலை ஒரு கணம் பார்த்தேன். அதன் மேலே பாதத்தை லேசாக ஒட்ட வைத்து, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போனேன். பிறகு எழும்பி வருகிற பெடலில் மட்டும் ஒரு அமுக்கு, இறங்கும்போது விட்டுவிடுவது, மறுபடி ஒரு அமுக்கு. முட்டி கழன்றுவிடும் போல வலித்தது. ஆனால் வேகம் குறைகிறது! குறைந்தது உண்மை, ரோடும் வந்துவிட்டது. லாரி ஹாரன் காதைக் கிழித்தது. கைப்பிடி மேல் அப்படியே குனிந்தேன், மகளும் என் முதுகோடு ஒட்டிச் சாய்ந்தாள். எழும்பி வந்த வலது பெடலில் ஏறி நின்று முட்டியை விறைத்தேன். பின் சக்கரம் சுற்றுவது நின்று, சரளைக் கல்லில் சர்ரென்று இழுத்துக்கொண்டே போய், வண்டி ரோட்டு விளிம்பில் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

லாரி எங்களை உரசுகிற மாதிரி போனது. அதன் காற்றில் மகளின் ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் கைப்பிடியை விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் சரி, விரல்கள் பிரியவே மாட்டேன் என்றன.

ரோட்டோரம் ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்த ஒரு அண்ணன் ஓடி வந்தார். "இன்னாம்மா நீ, கொயந்தய வச்சிக்கினு இப்டியா வருவ? பிரேக்கு கீதா, இல்லியா?" என்று திட்டிக்கொண்டே மகளைத் தூக்கி இறக்கினார். அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ரத்தம் வழிகிற காலைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி வுடு, ஒண்ணும் ஆவல. ஒக்காரு, ஒக்காரு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பஸ் வந்தது, போனது. அவர்தான் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு எங்களை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பின் டயரில் ஒரே இடத்தில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே புது ப்ரீவீல், இரண்டு பிரேக்கும் போட்டாயிற்று.

ஆனால் என்னை உலுக்கியது அன்றைக்கு ராத்திரி மகள் அவரிடம் சொன்னதுதான். நடந்ததை எல்லாம் கைகாட்டி, சத்தம் போட்டு ஆசையாகச் சொன்னாள். "உனக்குப் பயமா இல்லையாட்டி?" என்று அவர் கேட்டார். அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"யம்மா தானப்பா ஓட்டுனா. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

நான் நடுங்கிச் செத்துக்கொண்டிருந்த அந்த இறக்கத்தில், இவள் என் முதுகில் கன்னத்தை வைத்து நிம்மதியாக வந்திருக்கிறாள். வண்டி சரியில்லை என்று தெருமுனையிலேயே தெரிந்த பிறகும் ஏரிக்கரையில் ஏறின அம்மாவை நம்பி.

இப்போதும் அதே வழியில்தான் போகிறோம். இறக்கம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். "பிரேக்குதான் புதுசுல்லா, ஓட்டும்மா" என்று அவள் தினமும் நச்சரிக்கிறாள். பின்னாலிருந்து அந்தக் கை என் இடுப்பைச் சுற்றுகிறபோதெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டும் என்பதால், அந்தப் பயத்தைப் போகவிட எனக்கு மனசில்லை.