கொன்றை மரத்து ஹாரன்

என்னிடம் இருக்கிற ரயில் படங்களில் முக்கால்வாசி வீணான படங்கள். என்ஜின் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் மேலே போகிற கரண்டு கம்பி பூவின் குறுக்கே கோடு போட்டிருக்கும். எல்லாம் சரியாக அமைந்த அன்று வண்டி ஓட்டுகிறவர் வேறு யாராவதாக இருப்பார். நான் எடுக்க நினைத்தது ஒரே ஒரு படம். சரக்கொன்றை பூத்திருக்க வேண்டும், சரக்கு ரயில் வர வேண்டும், அதை ஓட்டுகிற என் வீட்டுக்காரரின் முகம் ஜன்னலில் தெரிய வேண்டும். இவ்வளவுதான். இதற்காக எத்தனை சித்திரையும் வைகாசியும் போயின என்று நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

நான் வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மலை தெரியும், பருத்திக் காடு தெரியும், ரயில் தெரியாது. கல்யாணம் ஆகி அரியலூருக்கு வந்த பிறகுதான் ரயில் சத்தத்தில் தூங்கப் பழகினேன். வேலை பெரம்பலூரில், ஒரு அரசு ஆபீஸில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். நடுவில் சிமென்ட் லாரிகள் எழுப்புகிற புழுதி. அந்த ரோட்டோரத்தில் என்ன பூத்தாலும் சாம்பல் நிறத்தில்தான் பூக்கும். ஆவாரம்பூவைக்கூட தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் மஞ்சள் என்று நம்ப முடியும்.

கேமரா எங்கள் மகள் வாங்கிக் கொடுத்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அம்மா, நீ போன்ல எடுக்கற படமெல்லாம் ஆடிப்போய் இருக்கு" என்று சொல்லிக் கையில் திணித்தாள். அன்றிலிருந்து அது என் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தை பிறந்தால் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிப் பூவுக்குப் போவேன். பூ என்று பேர்தான், வாசனையைப் படம் எடுக்க முடியாது, மற்றபடி அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஐப்பசியில் பிறந்த ஊருக்குப் போனால் பச்சைமலை மேல் மேகம் உட்கார்ந்திருப்பதை எடுப்பேன். காலையில் மஞ்சளாக இருந்து மறுநாள் சிவந்துபோகிற பருத்திப் பூவை எடுப்பேன். சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் பச்சையாகத் தேங்கியிருக்கிற தண்ணீரையும் எடுத்திருக்கிறேன். ஆபீஸில், "அக்கா, இவ்ளோ அலைச்சலுக்கு ஒரு கல்யாணத்த எடுத்தாலும் புண்ணியமாப் போவும்" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மூட்டு வலியோடு வயல் வரப்பில் நிற்கிறவளைப் பார்த்து வேறு என்ன சொல்வார்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நின்றது அந்த ஒற்றைக் கொன்றை மரத்தடியில்தான். எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. கேட்டைத் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மரம். லாரி போகாத இடம் என்பதால் பூ பூவாகவே இருக்கும். சித்திரை கடைசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு உச்சி முதல் கீழ்க் கிளை வரை மஞ்சளாகத் தொங்கும். திருச்சியிலிருந்து விருத்தாசலம் போகிற வண்டிகள் மரத்தை ஒட்டிய பாதையில்தான் வரும். டிரைவர் உட்காருவது இடது பக்கம், மரமும் இடது பக்கம். சாயங்கால வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக என்ஜின் மேல் விழும். இதைவிட என்ன வேண்டும் என்று நான்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கணக்கு ஒன்றும் வேலைக்காகவில்லை. சரக்கு ரயிலுக்கு நேரம் ஏது. எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு ஏதாவது ஒரு ஸ்டேஷனில் மணிக்கணக்காகக் கிடக்கும். அவர் வண்டி ஏறுவதற்கு முன்னால் போன் செய்வார். ஏறிவிட்டால் போனை அணைத்துவிட வேண்டும், அது கண்டிப்பு. அந்தக் கடைசிப் போனில் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்னைக்கு மரத்துக்கு வரியாம்மா?"

வருகிறேன் என்றால், "சரி, தள்ளியே நில்லு" என்பார். வரவில்லை என்றால், "சரி" என்பார். பூ இல்லாத மாதங்களிலும் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டு எதுவும் கேட்டுப் பழகாத மனுஷர் இதை மட்டும் மறக்காமல் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதோடு அந்த ஹாரன். கேட்டுக்காக அடிக்கிற ஹாரன் தூரத்திலேயே முடிந்துவிடும். மரத்தை நெருங்கும்போது இன்னொன்று நீளமாக அடிப்பார். அது எனக்கு. கேட்கீப்பராக இருக்கிற பெண்கூட, "அக்கா, சார் உங்களத்தான் கூப்புடறாரு" என்று கேலி செய்வாள். மெயில் வண்டிக்கு மாறிப் போகும் வாய்ப்பு வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். "பிளாட்பாரத்துல ஜனம் ஓரமா வந்து நிக்கும், நமக்கு ஒத்து வராது" என்றார். சம்பளம் கூட வருமே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சரக்கு வண்டியில் இருந்தால் மரத்துக்கு வருவார் என்று தேற்றிக்கொண்டேன்.

இந்த வருஷம் ஜூன் கடைசியில் அவருக்கு ஓய்வு. மகள் போன் செய்து, "அம்மா, ஃபங்ஷனுக்கு பேனர் அடிக்கணும். அப்பா வண்டி ஓட்டற மாதிரி ஒரு படம் அனுப்பு" என்றாள். என்னிடம் அப்படி ஒரு படம் இல்லை. இத்தனை வருஷம் எடுத்ததில் முன் கண்ணாடிக் கம்பி வலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு உருவம் இருக்கிறது, அது அவர் என்று நான் சொன்னால்தான் தெரியும். சரி, இந்தப் பூவோடு எடுத்துவிடலாம் என்று நின்றேன். ஒரு வாரமாக விட்டு விட்டு நின்றேன். ஒரு நாள் இருட்டிய பிறகு வந்தார். ஒரு நாள் அவர் வண்டி வருகிற நேரம் பார்த்து அடுத்த பாதையில் இன்னொரு கூட்ஸ் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டது. ஒரு நாள் வரவே இல்லை.

அன்று மத்தியானம் ஆபீஸில் கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் இருக்கும்போது போன் வந்தது. ஏறப் போகிறேன் என்றார். வழக்கம்போல, "இன்னைக்கு வரியாம்மா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு எரிச்சல் வந்ததோ தெரியவில்லை. "வரல. எனக்கு நின்னு நின்னு அலுத்துப்போச்சு. இனிமே நான் வரவே போறதில்ல, நீங்க பாட்டுக்குப் போங்க" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது கேட் மூடியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது போலிருக்கிறது, தரை ஈரமாக இருந்தது. தலையைத் திருப்பினேன். கொன்றை மரம் குளித்துவிட்டு நின்றது. மேகம் விலகி வெயில் அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு மஞ்சளை நான் அதுவரை பார்க்கவில்லை.

"என்ன வண்டி?" என்று கேட்கீப்பரைக் கேட்டேன்.

"கூட்ஸுதான்க்கா. திருச்சிலேர்ந்து வருது. ஏன், சார் வண்டியா?"

அவர் ஏறிய நேரத்தைப் பார்த்தால் அவருடைய வண்டியாகத்தான் இருக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னால் என்ன, எதிர்பாராமல் பார்த்தால் இன்னும் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு, வலிக்கிற காலோடு மரத்துக்கு ஓடினேன். "அக்கா, கிட்டப் போவாதீங்க" என்று அவள் பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. இதுதான் கடைசிப் பூ, இதுதான் கடைசி வண்டி என்கிற நினைப்பில் வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி ஜல்லிக் கற்களின் விளிம்பில் போய் நின்றேன். ஜன்னல் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

தூரத்தில் கேட்டுக்கான ஹாரன் கேட்டது. அப்புறம் எனக்கான ஹாரன். அது நிற்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன, வண்டியின் வேகம் குறைவது காலுக்குக் கீழே தெரிந்தது. என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஜன்னலில் முகம் தெரிந்தது. விடாமல் எடுத்தேன். வண்டி என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க் கடைசிப் பெட்டியும் போன பிறகு, கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு வழியாக முடிந்தது, இனி நிற்க வேண்டாம் என்கிற அழுகை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு, கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கொத்துக் கொன்றை, நடுவில் ஜன்னல், ஜன்னலில் அவர். எல்லாம் நான் கேட்டபடியே இருந்தது. முகம் மட்டும் நான் அறிந்த முகமில்லை. வாய் திறந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. பேயறைந்த மாதிரி என்பார்களே, அப்படி. அந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. காபி ஆறிப்போனது.

மறுநாள் மத்தியானம் வந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நேத்து அந்த மரத்துக்கிட்ட ஒரு பொம்பள நின்னுச்சும்மா" என்றார். "ரொம்ப நெருக்கத்துல. வெயிலு கண்ணுல அடிக்குது, ஆளு கறுப்பாத்தான் தெரியுது. வுழப் போவுதுன்னே நெனச்சுட்டேன். பிரேக்கப் போட்டு என்ன, அந்த வண்டி அங்கயா நிக்கும். நல்லவேள, அது அசையல."

"நான்தாங்க அது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ வரலன்னு சொன்னியேம்மா" என்றார், அவ்வளவுதான். தட்டிலேயே கையைக் கழுவினார்.

வெகுநேரம் கழித்து அவராகவே சொன்னார். "ஓரமா ஆளு நின்னா, அது சும்மா நிக்குதா, குதிக்கப் போவுதான்னு தெரியறதுக்குள்ள தாண்டிருவோம். தாண்டுற வரைக்கும் கண்ணு அங்கயேதான் இருக்கும். எனக்கு நடந்திருக்கு. எத்தன தடவன்னு மட்டும் கேக்காத. நீ வரேன்னு சொல்லிட்டா, நிக்கிறது நீதான்னு நெனச்சுக்குவேன். அதுக்குத்தான் கேக்கறது."

"அப்ப அந்த ஹாரன்?"

"யாரு நின்னாலும் அடிக்கணும்ல. நீதான்னு தெரிஞ்சாலும் கை தானாப் போவும்."

"எனக்காக அடிக்கறீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன், இத்தன வருஷமா."

அவர் லேசாகச் சிரித்தார். "நெனச்சுட்டுப் போயேன். யாருக்கு என்ன நட்டம்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கமில்லை. தள்ளியே நில்லு, தள்ளியே நில்லு என்று அவர் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பூவைப் பார்த்த கண்ணால் நான் அவரைப் பார்க்கவே இல்லை. மரத்தடியில் நான் சந்தோஷமாக நின்ற ஒவ்வொரு சாயங்காலமும் அவர் ஹாரனில் கை வைத்தபடி பயந்துகொண்டு வந்திருக்கிறார்.

படத்தை மகளுக்கு அனுப்பவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை. "அடையாள அட்டையில இருக்கற படத்தையே போட்டுக்க, மொகம் தெளிவா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

கடைசி வண்டி ஏறும் நாள் வந்தது. மரத்தில் பூ முடிந்து பச்சைக் காய்கள் நீளமாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. போன் வந்தது. பழக்க தோஷத்தில் கேட்டார்: "இன்னைக்கு மரத்துக்கு வரியாம்மா?"

"வரலங்க. நீங்க பத்திரமா வாங்க" என்றேன்.

ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மரத்தடியில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இந்த வண்டி போற வரைக்கும் ஆட்டக் கொஞ்சம் அந்தாண்ட ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். "ஏன், எதாச்சும் ஆபீசருங்க வராங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனார். நான் திரும்பி வந்து கேட்கீப்பர் அறைக்குப் பின்னால், தண்டவாளத்திலிருந்து பார்த்தால் தெரியாத மாதிரி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். கால் கடுத்தது. "என்னக்கா, கடைசி நாளாச்சே, சாரப் பாக்கலியா?" என்றாள் அவள். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வண்டி வந்தது. கேட்டுக்கான ஹாரன் தூரத்தில் அடித்து ஓய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். மரத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஹாரன் அடிக்கவில்லை. சக்கரச் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்து, தாண்டி, போய்விட்டது.

மறுநாள் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"நேத்து மரத்துக்கிட்ட ஒருத்தருமே இல்லம்மா" என்றார். "ஒரு ஆடு மாடுகூட இல்ல. அந்த எடத்த அப்படி நிம்மதியாத் தாண்டி எத்தன வருஷமாச்சு."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தேன்.